ஹோர்ட்டன் சமவெளியில் ரொக்கெட் இறங்குமா?

கேள்வி: ஏவிய ரொக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து நிமிர்ந்தபடி இறங்குவதை போனில் பார்த்தேன். இந்தியா ரொக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா நமக்குப் பக்கம்தானே. இந்தியாவும் இப்படிச் செய்தால் ஹோர்ட்டன் சமவெளி மாதிரி வெட்டவெளியில் இறக்கலாமே, நாட்டுக்கும் நாலு காசு வருமே?
- ஹட்டன் வாசகர் ஒருவர்

பதில்: தூரக் கணக்கில் நீங்கள் பெரிதாகத் தப்பவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஹட்டன் நேர்கோட்டில் சுமார் 750 கிலோமீற்றர். அமெரிக்காவின் ஃபால்கன் 9 ரொக்கெட் பாரமான சுமையோடு போனால் அதன் பூஸ்டர், அதாவது நீங்கள் பார்த்த அந்தக் கீழ்ப்பகுதி, ஏவிய இடத்தில் இருந்து 600 கிலோமீற்றர் அளவில் தள்ளித்தான் இறங்குகிறது. பிரிந்த பிறகும் அது முன்னால்தான் பாய்ந்துகொண்டிருக்கும், அந்த வேகத்தை நிறுத்தித் திருப்பிக் கொண்டுவர நிறைய எரிபொருள் வேண்டும், அதனால் அது வந்து விழுகிற வழியிலேயே கடலில் ஒரு தட்டைக் கப்பலை ஆளில்லாமல் நிறுத்திவைக்கிறார்கள். சுமை குறைவென்றால் ஏவிய கரைக்கே திரும்பிவிடும். 2015 டிசம்பரில் முதன்முதலாக இறங்கியது அப்படித்தான், கேப் கனவரலில்.

ஆனால் இடத்தைத் தீர்மானிப்பதில் தூரத்தைவிட முக்கியமானது, தவறினால் எங்கே விழும் என்பது. கரைக்குத் திரும்பும் பூஸ்டர் கூட முதலில் தளத்தைக் குறிவைத்து வருவதில்லை, பக்கத்துக் கடலைக் குறிவைத்துத்தான் வரும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கடைசி நேரத்தில் தளத்தின் பக்கம் ஒதுங்கும். 2018 டிசம்பர் 5ஆம் தேதி, திசை திருப்பும் துடுப்புகளுக்கான பம்ப் சிக்கிக்கொண்டு, ஒரு பூஸ்டர் பம்பரமாகச் சுழன்றுகொண்டே வந்தது. தளத்தின் பக்கம் போகாமல் கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீரில் இறங்கி அப்படியே சாய்ந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2024 அக்டோபரில் ஸ்டார்ஷிப் என்ற இன்னும் பெரிய அமெரிக்க ரொக்கெட்டின் பூஸ்டரைக் கோபுரத்தின் இரண்டு கைகள் பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே நிலைமை சரியில்லை என்று அதையும் கடலுக்குத்தான் திருப்பினார்கள்.

இப்போது ஹோர்ட்டன் சமவெளியை நினைத்துப் பாருங்கள். ஒதுங்க அங்கே கடல் எங்கே? ஒரு பக்கம் பட்டிப்பொல, இன்னொரு பக்கம் ஒஹிய, உலக முடிவு என்கிற செங்குத்துச் சரிவுக்குக் கீழேயும் ஊர்கள், சுற்றிவரத் தோட்டங்கள், லயங்கள். அங்கே வருவதற்கு முன்னால் பாதி இலங்கையைத் தாண்ட வேண்டும், அது வேறு. ஒழுங்காக இறங்கினாலும் ஒலியைவிட வேகமாக வருவதால் வெடிச்சத்தம் கேட்கும், லயத்துத் தகரம் சும்மா இருக்குமா? உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள காட்டில் அதற்கெல்லாம் அனுமதியும் கிடைக்காது, விடுங்கள்.

சொல்லப்போனால் இந்தியா இப்போதே நம்மைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது. பூமியின் வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்குப் போகும் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேரே தெற்கே போனால் கழன்ற பாகங்கள் இலங்கையில் விழலாம் என்று, முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகிறது, சின்ன ரொக்கெட்டுக்கு அது தாங்காது. தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பெப்ரவரியில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதற்கு இதுதான் முக்கிய காரணம். அங்கிருந்து தெற்கே அண்டார்டிக்கா வரை வெறும் கடல்.