ஊர்க் குடிநீருக்கு மாதக் கட்டணம் எதற்கு?

உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக் குழாய் இணைப்பு பெற்றிருக்கும் நீங்கள், அரசுத் திட்டத்தில் வரும் தண்ணீருக்கு மாதாமாதம் பணம் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-இல் தொடங்கிய, வீடுதோறும் குழாய்க் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்து, குழாய் பதிக்கும் செலவில் பெரும்பகுதியை ஏற்கிறது. அதன்பின் அன்றாடம் நடத்துவது ஊராட்சியும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டிய கிராமக் குடிநீர்க் குழுவும்தான். மின்கட்டணம், தொட்டி இயக்குபவரின் சம்பளம், மோட்டார் காயில் எரிந்தால் ரீவைண்டிங் (கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றுவது) என்று செலவு தொடரும்; மாதக் கட்டணம் இதற்குத்தான்.

தொட்டி இயக்குபவரின் வேலையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கிருமிகளைக் கொல்ல, 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, கசடு அடியில் படிந்தபின் தெளிநீரை மட்டும் மேல்நிலைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

சண்டை வருவதெல்லாம் விநியோகத்தில்தான். பள்ளத் தெருவில் ஒருவர் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால், மேட்டுத் தெருவுக்குக் காற்றுதான் வரும். கட்டணம் வசூலிப்பதைவிட இதைத் தடுப்பதே குழுவுக்குக் கடினம் என்பேன். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்கி வையுங்கள்; வரவு செலவைக் கிராம சபையில் கேட்கலாம்.