வெட்டிய ஓரம் எங்கே போனது?

கேள்வி: எங்கள் தாத்தா 1963-இல் வாங்கிய நிலத்தின் கிரயப் பத்திரத்தை வீட்டு ஸ்கேனரில் 14 பக்கங்களாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கிறேன். பக்கங்கள் கோணலாக இருக்கின்றன, சுற்றிலும் கறுப்பு ஓரம். ஒரு பக்கத்தில் கண்ணாடி மேல் கிடந்த என் வங்கிப் பாஸ்புக்கின் பாதியும் விழுந்துவிட்டது. பிடிஎஃப் மென்பொருளில் எல்லாவற்றையும் க்ராப் செய்தேன். பார்க்க அழகாகிவிட்டது, ஆனால் 22 எம்பி என்ற அளவு கொஞ்சமும் குறையவில்லை. கடன் விண்ணப்பத்துக்கு 5 எம்பிக்குள் கேட்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, காரைக்குடி)

பதில்: அளவு குறையாததற்குக் காரணம், நீங்கள் எதையும் வெட்டவே இல்லை என்பதுதான். பிடிஎஃப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே சில சட்டங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். மீடியாபாக்ஸ் என்பது முழுத்தாள். க்ராப்பாக்ஸ் என்பது திரையில் காட்ட வேண்டிய பகுதி. பெரும்பாலான பிடிஎஃப் மென்பொருள்களில் 'க்ராப்' என்றால் இந்த இரண்டாவது சட்டத்தைச் சுருக்குவது மட்டுமே. ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி. ஜன்னலுக்கு வெளியே இருந்தது அங்கேயேதான் இருக்கிறது. அடோபியின் பிடிஎஃப் மென்பொருளான அக்ரோபாட்டில் அதே க்ராப் கட்டத்தில் ஓரங்களைப் பூஜ்யமாக்கினால் உங்கள் பாஸ்புக் கணக்கு எண்ணோடு திரும்பி வந்து நிற்கும். அந்தக் கோப்பை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்றால் நல்லது, அனுப்பாதீர்கள்.

வேர்டிலும் இதே கதைதான். படத்தைச் செருகி ஓரத்தை இழுத்து வெட்டினாலும் முழுப்படம் உள்ளே இருக்கும். 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' கட்டத்தில், வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற தெரிவோடு சரி சொன்னால்தான் அது போகும். 2023 மார்ச்சில் இன்னும் மோசமான ஒரு பிழை வெளியே வந்தது. கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தியிலும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் க்ராப் செய்து பழைய கோப்பின் மேலேயே சேமித்தபோது, பழைய படத்தின் வால் பகுதி கோப்பின் கடைசியில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் நான் அன்றிலிருந்து, க்ராப் செய்ததைப் புதிய பெயரில் புதிய கோப்பாகத்தான் சேமிக்கிறேன்.

உங்கள் வேலைக்கு இரண்டு இலவச மென்பொருள்கள் போதும்: படங்களைத் திருத்த ஜிம்ப், அவற்றை மீண்டும் பிடிஎஃபாக்க லிப்ரே ஆபீஸ். 'பிடிஎஃபைச் சுருக்கித் தருகிறோம்' என்று சொல்லும் இணையதளங்களில் சொத்துப் பத்திரத்தை ஏற்றாதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

முதலில் அசல் ஸ்கேனை ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுத்து, அதைத் தொடாமல் வையுங்கள். பிறகு பிடிஎஃபை ஜிம்பில் திறங்கள். எந்தத் துல்லியத்தில் திறக்க வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் 100 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) என்று இருந்தால் 300 ஆக்குங்கள். இல்லையென்றால் முதல் அடியிலேயே எழுத்து மங்கிவிடும்.

அடுத்து, வெட்டும் முன் நிமிர்த்த வேண்டும். வெட்டிய பின் திருப்பினால் நான்கு மூலைகளிலும் முக்கோண ஓட்டைகள் விழும், மறுபடி வெட்ட நேரும். 'மெஷர்' கருவியை எடுத்து ஒரு நேர்கோட்டின் மேல் இழுத்து 'ஸ்ட்ரெயிட்டன்' பொத்தானை அழுத்தினால் படம் நிமிர்ந்துவிடும். எந்தக் கோட்டின் மேல் இழுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தாளின் ஓரத்தை நம்பாதீர்கள். அறுபது வருடத் தாளின் ஓரம் கிழிந்தும் மடிந்தும் இருக்கும். முத்திரைத்தாளில் அச்சிட்ட சட்டம் இருந்தால் அதைப் பிடியுங்கள். இல்லையென்றால் நீளமான ஓர் எழுத்து வரியைப் பிடியுங்கள்.

இப்போது க்ராப். எவ்வளவு வெட்டலாம்? தாளுக்கு வெளியே உள்ள கறுப்பை மட்டும். தாளின் ஓரம் நாலு பக்கமும் மெல்லிசாகத் தெரியட்டும். எழுத்தை ஒட்டி 'அழகாக' வெட்டும் ஆசை பத்திரத்துக்கு ஆகாது. பதிவான ஆவணத்தில், இத்தனாவது ஆண்டின் இன்ன எண் ஆவணம், இத்தனை தாள்கள், இது இத்தனாவது தாள் என்ற குறிப்பு பெரும்பாலும் ஓரத்திலோ பின்பக்கத்திலோதான் இருக்கும். பக்க எண்ணும் கையொப்பமும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும். நானே ஒருமுறை வீட்டுக்கடனுக்காக ஓரங்களைச் சீராக நறுக்கிக் கொடுத்து, தாள் எண் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவன். அலுவலர் மேல் அப்போது கோபம் வந்தது, தவறு என்னுடையது.

அதே காரணத்துக்காக, 14 பக்கங்களில் பின்பக்கங்களும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தாக்கல் செய்த விவரம், பெருவிரல் ரேகை, சாட்சிகள் கையொப்பம், சார்பதிவாளர் முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். வெறும் தாள் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம் என்பதால், வீட்டு ஸ்கேனரில் அடிவரிகள் விடுபட்டிருக்கவும் கூடும். அப்படியானால் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று சில வரிகள் இரண்டிலும் வருமாறு எடுத்து, இரண்டையும் தனித்தனிப் பக்கமாகவே வையுங்கள். ஒட்டி ஒன்றாக்க வேண்டாம்.

பழுப்பு நிறத்தைக் குறைக்க 'லெவல்ஸ்' கட்டத்தில் வலது முனையில் உள்ள வெள்ளை முக்கோணத்தை மெதுவாக இடப்பக்கம் நகர்த்துங்கள். தாள் வெளுக்கும். ஊதா மை முத்திரை வெளிறத் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் கணினியில் மல்லுக்கட்டுவதைவிட, தாளின் முதுகில் ஒரு கறுப்புத்தாளை வைத்து மறுபடி ஸ்கேன் செய்வது சுலபம். கறை, மடிப்பு, பூச்சி அரித்த ஓட்டை எதையும் அழிப்பானால் துடைக்காதீர்கள். வெளியே இருக்கும் கறுப்பை நீக்குவது சுத்தம் செய்வது. தாளுக்குள் கை வைப்பது ஆவணத்தைத் திருத்துவது. படிக்கவே முடியாத பக்கமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

இனி அளவு. ஏ4 பக்கம் ஒன்று 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளிகள். வண்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட், ஆக சுருக்காத நிலையில் பக்கத்துக்கு ஏறத்தாழ 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. 150 டிபிஐக்கு இறக்கினால் புள்ளிகள் நான்கில் ஒன்றாகும். எனவே முத்திரை உள்ள பக்கங்களை வண்ணத்திலும் மற்றவற்றைச் சாம்பல் நிறத்திலும் வையுங்கள். ஒவ்வொன்றையும் பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் வேண்டாம், அது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தரத்தில் கொஞ்சம் தின்னும். அந்த இழப்பைக் கடைசியில் ஒரே ஒரு முறை அனுமதித்தால் போதும். பிஎன்ஜியாக மாறும்போது வெட்டிய பாஸ்புக்கும் உண்மையிலேயே போய்விடும். ஜிம்பின் சொந்தக் கோப்பு வடிவத்தில் அது ஒளிந்திருக்கலாம்.

முழுக் கறுப்பு-வெள்ளையாக்கினால் கோப்பு மிகமிகச் சிறியதாகும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் செய்யாதீர்கள். மங்கிய மையில் மெய்யெழுத்தின் புள்ளி போய்விடும், 1.25 ஏக்கரின் புள்ளி போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதில் இயந்திரமும் சதி செய்யும். 2013 ஆகஸ்டில் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரங்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருப்பதை வெளிப்படுத்தினார். ஒன்றுபோல் தோன்றும் குறிகளை ஒருமுறை மட்டும் சேமித்து எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்தும் ஜேபிக்2 என்ற சுருக்கமுறை 6-ஐ 8 ஆக்கியிருந்தது. எழுத்து மங்கவில்லை. தெளிவாக, தவறாக இருந்தது.

கடைசியாக, லிப்ரே ஆபீஸ் டிராவில் பக்கத்துக்கு ஒரு படமாகச் செருகி பிடிஎஃபாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கட்டத்தில் ஜேபெக் தரம் 80, படத்தின் துல்லியம் 150 டிபிஐ என்று கொடுங்கள். 5 எம்பியை 14-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு ஏறக்குறைய 350 கேபி கிடைக்கிறது, தாராளம். மிஞ்சினால் தரத்தை 70, 65 என்று இறக்குங்கள். துல்லியத்தை 150-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். விண்டோஸில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுக்கும் குறுக்குவழியும் உண்டு. அதில் 'ஃபிட் பிக்சர் டு ஃபிரேம்' என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தாளை நிரப்புவதற்காக அதுவாகவே ஓரத்தை வெட்டிவிடும். நீங்கள் வெட்டியது வெட்டுப்படவில்லை, வெட்டாதது வெட்டுப்படுகிறது!

கோப்பு தயாரானதும் வீட்டில் வேறொருவரிடம் போனைக் கொடுத்து, சர்வே எண், பரப்பு, சக்குபந்தி (நான்கு எல்லை விவரம்) ஆகிய மூன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அசல் பத்திரத்தைக் கையில் வைத்துச் சரிபாருங்கள். எந்தப் பக்கத்தில் அவர் தடுமாறுகிறாரோ அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்தால் போதும்.