அப்பாவுக்கு 'பேரட், லோ கிரேடு டிஸ்பிளேசியா': உணவுக்குழாயை எடுக்கணுமா?

சகோதரி, அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பார்த்து, உணவுக்குழாயையே வெட்டி எடுக்கச் சொல்வார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். இது புற்றுநோய் அல்ல. வருஷக்கணக்கில் ஆசிட் மேலேறியதால் உணவுக்குழாயின் உள்தோல் குடலின் தோல் மாதிரி மாறி (இதுதான் பேரட்), அதில் சில செல்கள் தடம் புரளத் தொடங்கியிருக்கின்றன (இதுதான் லோ கிரேடு டிஸ்பிளேசியா).

முதல் வேலையாக அந்த பயாப்ஸி திசு வைத்த கண்ணாடி ஸ்லைடை, குடல் நோய்களில் பழகிய இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் (திசுவைப் பரிசோதிக்கும் டாக்டர்) காட்டுங்கள். ஆசிட் புண் ஆறாமல் இருந்தாலும் இதே மாதிரி தெரியும். இரண்டாவது பார்வையில் மாறும் ரிப்போர்ட்டுகள் நிறைய. லேபில் கேட்டால் ஸ்லைடு, பிளாக் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) இரண்டும் தருவார்கள்.

உறுதியானால், ரேடியோ ஃப்ரீக்வென்சி அப்லேஷன். எண்டோஸ்கோபி வழியாகவே உள்தோலைச் சூட்டால் கருக்கிவிடுவார்கள். கீழே நல்ல தோல் வளரும். 2, 3 மாத இடைவெளியில் சில முறை செய்ய வேண்டியிருக்கும். எங்காவது மேடு தெரிந்தால், அதை முதலில் செதுக்கி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார்கள். என் அண்ணன் செய்துகொண்டார். நாலு நாள் எச்சில் விழுங்கவே நெஞ்சு வலித்தது. ஆறிய கஞ்சியும் மோரும்தான். சிலருக்குக் குழாய் சுருங்கும், அதை பலூன் வைத்து விரிக்கலாம். அப்லேஷன் வேண்டாமென்றால் 6 மாதத்தில் மறுபடி எண்டோஸ்கோபி, பிறகு வருஷாவருஷம். எனக்கென்னவோ, உறுதியான பிறகு தள்ளிப்போடாமல் செய்துகொள்வதே நல்லது.

ஆசிட்டைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே தரணும். நெஞ்செரிச்சல் போய்விட்டதென்று அப்பாவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு நெஞ்சில் சிக்கினாலோ, மலம் கறுத்தாலோ, எடை இறங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.