கடன் அடைத்தும் அசல் பத்திரம் வரவில்லை: தரகருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடு கட்ட வங்கியில் வாங்கிய கடனைக் கடந்த ஜூன் 10ஆம் தேதி முழுவதுமாக அடைத்துவிட்டேன். பாக்கி இல்லை என்று கடிதமும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அசல் பத்திரங்கள் தலைமை அலுவலகக் காப்பகத்திலிருந்து வர வேண்டும் என்று சொல்லியே செப்டம்பர் மாதமும் முடிந்துவிட்டது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வங்கியின் அடமானம் அப்படியே நிற்கிறது. வங்கிக் கிளையில் அறிமுகமான ஒருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் பத்திரத்தை வரவழைத்து வில்லங்கத்தையும் நீக்கித் தருவதாகச் சொல்கிறார். பத்திரம் தொலைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைத் தவறவிட்டதாகக் காவல் நிலையத்தில் நான் ஒரு புகார் கொடுத்துவைத்தால் நகல் எடுப்பது சுலபம் என்றும் சொல்கிறார். கடனில் என் மனைவியும் கூட்டாகக் கையெழுத்திட்டவர். வீட்டை விற்க முன்பணம் வாங்கியிருப்பதால் அவசரமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்த நபருக்குப் பணம் கொடுக்காதீர்கள். காவல் நிலையப் புகாரை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். இன்றைய தேதியில் பணம் தர வேண்டிய நிலையில் இருப்பது வங்கிதான். அந்த உரிமையை உங்கள் கையெழுத்தாலேயே நீங்கள் அழித்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்கள் முழுவதுமாக அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் அனைத்தையும் கடன்தாரரிடம் திருப்பித் தர வேண்டும், அடமானம் எந்தப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்தாலும் அங்கிருந்து அதை நீக்கவும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தக் கெடு தாண்டினால் தாமதத்துக்கான காரணத்தை வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தாமதத்துக்கு வங்கியே பொறுப்பு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டிய நாள் 2023 டிசம்பர் 1 அல்லது அதற்குப் பின் வரும் எல்லாக் கடன்களுக்கும் இது பொருந்துகிறது. எனவே, கடன் வாங்கியது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது இந்த விதி இல்லை என்று கிளையில் யாராவது சொன்னால் அது சரியல்ல.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஜூன் 10 அன்று கடன் முடிந்தது. 30 நாள் கெடு ஜூலை 10 அன்று தீர்ந்தது. ஜூலை 11 முதல் செப்டம்பர் 30 வரை 82 நாட்கள். நாளொன்றுக்கு 5,000 வீதம் 4,10,000 ரூபாய். பாக்கி இல்லைக் கடிதம் என்று கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடைசிப் பணம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டு நிலுவை பூஜ்யமான நாள்தான் தொடக்கம். அதற்கு ஆதாரமாகக் கடன் கணக்கின் முழு அறிக்கையை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை ஒரே ஒரு நாள் தள்ளிப்போனாலும் யாரும் கேட்காமலே அபராதக் கட்டணத்தைக் கணக்கில் ஏற்றத் தெரிந்த வங்கிகள், தாம் தர வேண்டிய இழப்பீட்டை மட்டும் வாடிக்கையாளர் எழுதிக் கேட்டுப் போராடிய பிறகே நினைவுக்குக் கொண்டுவருகின்றன. நான் பார்த்தவரையில் இதைத் தாமாக முன்வந்து கொடுத்த கிளை அரிது. ஆகவே எழுத்தில் கேட்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் வங்கி தப்பிக்கப் பார்க்கும் வாசல் இதுதான். தாமதத்துக்கு வங்கி பொறுப்பாக இருந்தால்தான் இழப்பீடு. உங்களால் தாமதம் ஏற்பட்டது என்று அவர்களால் காட்ட முடிந்தால் அந்த நாட்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். இதை எப்படிக் காட்டுவார்கள் என்றால், ஆவணங்கள் தயாராக உள்ளன, வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்று உங்கள் பழைய கைப்பேசி எண்ணுக்கோ, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்கோ ஒரு தகவல் போயிருக்கும். அது உங்களுக்கு வந்தே சேர்ந்திருக்காது. அல்லது, கடன்தாரர் இருவரும் ஒன்றாக வர வேண்டும், கணவர் மட்டும் வந்தார், மனைவி வரவில்லை என்று கோப்பில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அல்லது, எந்தக் கிளையில் பெற விரும்புகிறீர்கள் என்று கேட்டோம், பதில் இல்லை என்பார்கள். கடன் கணக்கு இருந்த கிளையிலோ, ஆவணங்கள் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, உங்கள் விருப்பப்படி பெற்றுக்கொள்ளும் உரிமையை அதே உத்தரவு உங்களுக்குத் தருகிறது. அந்த உரிமையையே உங்களுக்கு எதிரான சாக்காகத் திருப்பிவிடுவார்கள். ஆகையால் நீங்களும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, இன்ன கிளையில் பெற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம், எந்த வேலை நாளில் அழைத்தாலும் இருவரும் நேரில் வருகிறோம், எங்கள் இப்போதைய முகவரியும் கைப்பேசி எண்ணும் இவை என்று ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அதன் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் மேலாளரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்பீட் போஸ்ட் எனும் விரைவுத் தபாலில், சேர்ப்பித்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்பி, அதையே வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். அந்தக் கடிதம் சேர்ந்த நாளிலிருந்து தாமதத்துக்கு வேறு யாரையும் பொறுப்பாக்க முடியாது.

இப்போது காவல் நிலையப் புகாருக்கு வருகிறேன். பத்திரம் உங்கள் கையில் இல்லை. பதினைந்து ஆண்டுகளாக வங்கியின் பாதுகாப்பில் இருக்கிறது. அதை நான் தவறவிட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். வங்கி தொலைத்த ஆவணத்தின் பழி உங்கள் தலையில் ஏறும். இழப்பீட்டுக் கோரிக்கை செத்துப்போகும். நடக்காததை நடந்ததாகக் காவல்துறையிடம் எழுதிக் கொடுத்த குற்றமும் உங்கள் மேல் வந்து நிற்கும். இப்படி ஒரு புகாரைக் கொடுக்கும்படி வாடிக்கையாளரைத் தூண்டுகிறவர் யாருக்காக வேலை செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். ஆவணம் உண்மையிலேயே தொலைந்திருந்தால் வங்கி அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். சான்றிட்ட நகல்களைப் பெற உங்களுக்கு உதவ வேண்டும். அதற்கான செலவு முழுவதையும் வங்கியே ஏற்க வேண்டும். இழப்பீடும் தர வேண்டும். இந்த வேலைகளுக்காக வங்கிக்குக் கூடுதலாக 30 நாட்கள் அவகாசம் உண்டு என்பதால், அப்படியொரு நிலையில் உங்கள் கணக்கு ஆகஸ்ட் 9க்குப் பிறகு தொடங்கும். செப்டம்பர் 30 வரை 52 நாட்கள், 2,60,000 ரூபாய். தொலைந்ததா இல்லையா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்வது எதற்கும் பயன்படாது.

வில்லங்கத்தைப் பொறுத்தவரை, அடமானம் இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கலாம். ஒன்று சார்பதிவாளர் அலுவலகம். பேச்சு வழக்கில் எம்.ஓ.டி. என்று சொல்லும் உரிமை ஆவணங்கள் ஒப்படைப்புக் குறிப்பு பதிவு செய்யப்பட்டிருந்தால், அதற்கு எதிராக வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட்ட, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் முடிந்ததாகத் தெரியும். இன்னொன்று, செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகம். 2011 முதல் செயல்படும் இதில் வங்கிகள் தங்கள் அடமானங்களை ஏற்றுகின்றன. கடன் முடிந்துவிட்டது என்று அங்கே தெரிவிக்க வேண்டியது வங்கியின் வேலை, உங்களுடையது அல்ல. வில்லங்கச் சான்றில் செர்சாய் பதிவு தெரியாது என்பதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வாங்குபவர் அடுத்த கடனுக்குப் போகும்போது அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் கடிதத்தில் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆவணம் வந்துவிட்டது, ஆனால் பதிவை நீக்கவில்லை என்றாலும் நாளுக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கு பொருந்தும்.

அடமானத்தை ஏற்றும்போது ஒரு முறை கட்டணம், இறக்கும்போது மறுபடியும் கட்டணம், அதற்காக ஒரு நாள் வேலையை விட்டு வரிசை என்று கடனை ஒழுங்காக அடைத்த குடும்பத்தையே அலையவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய காலத்தில் எந்த நியாயமும் இல்லை. எல்லாப் பதிவுகளும் கணினியில் இருக்கும்போது, வங்கி ஒரு தகவல் அனுப்பினால் பதிவு நீங்கும்படி செய்ய அரசால் முடியாதா? அது நடக்காத இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். பதிவுக் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்து, அங்கேயே கட்டி, ரசீது எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது தராத எவருக்கும் ஒரு ரூபாயும் வேண்டாம். ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று சொல்லித் தரகர் கேட்கும் பணம் லஞ்சம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே சட்டம் அவரைக் காப்பாற்றுகிறது. உங்கள் ஆதார் நகல், வெற்றுத் தாளில் கையெழுத்து, ஆவணங்களை என் சார்பில் பெற்றுக்கொள்ளலாம் என்ற அதிகாரக் கடிதம் ஆகிய எதையும் அந்த நபரிடம் கொடுத்திருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள். அந்த அதிகாரத்தை ரத்து செய்ததாக வங்கிக்கும் எழுதுங்கள். அசல் பத்திரம் அவர் கைக்குப் போனால் அடுத்து அவர் கேட்கும் தொகை 15,000 ஆக இருக்காது.

வங்கிக்கு எழுதி 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் மூலமாகக் கொடுக்கும் புகாரை இங்கே ஏற்பதில்லை. உங்கள் பெயரில் நீங்களே கொடுத்துவிடலாம். எனவே குறைதீர்ப்பாளரிடம் போட்டுத் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆலோசகர்களையும் நம்ப வேண்டாம். காலவரம்பு உண்டு என்பதால் 30 நாள் முடிந்ததும் பதிந்துவிடுங்கள். உங்களுக்குக் கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் அதே பெயரைத் தாங்கிய வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருந்தால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும். கடன் அனுமதிக் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நுகர்வோர் ஆணையம் அடுத்த படி. இழப்பீடு போக, வீட்டு விற்பனை முறிந்ததால் உங்களுக்கு ஏற்பட்ட உண்மையான நஷ்டத்தை அங்கே தனியாகக் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் வரிசை முக்கியம்: ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் உங்கள் புகாரை எடுக்க மாட்டார். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதங்களில் ஆணையம் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில், முதலில் குறைதீர்ப்பாளரிடம் போகும்படிதான் சொல்வேன். முன்பணம் கொடுத்தவரிடம் இப்போதே பேசி, கிரய உடன்படிக்கையின் காலக்கெடுவை இரு தரப்பும் கையெழுத்திட்ட கடிதத்தால் நீட்டித்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு எழுதிய கடிதங்களின் நகல்களைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஆவணங்களைப் பெறும் நாளில் அவசரப்படாதீர்கள். கடன் வாங்கும்போது வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரங்கள், பட்டா, கட்டட அனுமதி வரைபடம் என ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். பத்திரத்தின் ஒவ்வொரு தாளையும் புரட்டி, பின்பக்கத்தில் சார்பதிவாளர் முத்திரையும் ஆவண எண்ணும் இருக்கின்றனவா, மொத்தத் தாள்களில் ஏதும் குறைகிறதா என்று எண்ணுங்கள். எல்லாம் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்ற அச்சிட்ட படிவத்தை முதலில் நீட்டுவார்கள். எண்ணி முடித்த பிறகு கையெழுத்திடுங்கள். ஏதேனும் குறைந்தால் கையெழுத்துக்கு மேலேயே அதை எழுதுங்கள். இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி அதில் இருந்தால், இழப்பீட்டுக் கோரிக்கை நீங்கலாக என்று சேர்த்து எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடனுக்காகக் கொடுத்த பின்தேதியிட்ட காசோலைகளைத் திரும்ப வாங்கி, தவணையைத் தானாக எடுக்கும் வங்கி உத்தரவையும் ரத்து செய்யுங்கள். ரசீது ஆவணம் பதிவான பிறகு புதிய வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் தீர்ந்த பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செர்சாயில் நீக்கியதற்கான அத்தாட்சியை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டை வாங்குபவரின் வழக்கறிஞர் இந்த இரண்டையும் கட்டாயம் கேட்பார்.