சென்னையிலிருந்து மாஸ்டர்ஸ் ஸ்கீ உலகக் கோப்பைக்கு எப்படித் திட்டமிடுவது?

45 வயதாகிறது, கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் (ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப் பட்டைகளைக் காலில் மாட்டிப் பனிப்பாதையில் நெடுந்தூரம் ஓடுவது) மாஸ்டர்ஸ் உலகக் கோப்பையில் கலந்துகொள்ளலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கலந்துகொள்ளலாம். 30 வயதிலிருந்து ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாகப் போட்டி நடக்கும். கிளாசிக் (ஸ்கீக்களை இணையாக வைத்து ஓடுவது), ஃப்ரீ (பெரும்பாலும் ஸ்கேட்டிங் போலப் பக்கவாட்டில் உந்தி ஓடுவது) என்று இரண்டு பாணிகள். முதல் முறைக்கு ஒன்றே போதும். இரண்டுக்கும் வெவ்வேறு ஸ்கீ, காலணி என்று சுமை கூடிவிடும்.

போட்டி ஐரோப்பாவில் என்றால் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரம் வரை காத்திருக்காதீர்கள்.

ஸ்கீ கிட்டத்தட்ட 2 மீட்டர் நீளம். அதனால் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் விளையாட்டுச் சாமானாகப் பதிவு செய்யுங்கள். இணைப்பு விமானம் இருந்தால் இடைவெளி தாராளமாக இருக்கட்டும். நீங்கள் ஏறிவிடுவீர்கள், ஸ்கீ பை ஏறாது. காலணியைக் கைப்பையில் வையுங்கள். ஸ்கீ வாடகைக்குக் கிடைக்கும், பழகிய காலணி கிடைக்காது. ஸ்கீயின் அடியில் பூசும் வேக்ஸை (மெழுகு) நீக்கும், தீப்பற்றக்கூடிய திரவத்தை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கேயே வாங்குங்கள். வேக்ஸும் அன்றைய பனியின் வெப்பநிலையைப் பொறுத்தது, உள்ளூர்க்காரர்களிடம் கேட்பதே நல்லது.

பயிற்சிக்கு ரோலர் ஸ்கீ (சாலையில் ஓட்டச் சக்கரம் வைத்த ஸ்கீ) இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது, அதனால் ஈசிஆர் பக்கம் போகவே வேண்டாம். வண்டி வராத வளாகச் சாலையில், விடியற்காலையில் ஓட்டுங்கள். அப்புறம், போட்டிக்கு முன் ஒரு குளிர்காலத்தில் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய் உண்மையான பனியில் கால் வைத்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.