முடிவு தெரிந்த படத்துக்கு டிக்கெட் எதற்கு?

கேள்வி: வார இறுதியில் லைட்டான காதல் படம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றால், “கடைசியில் சேரத்தானே போகிறார்கள், எதற்குத் தண்டச் செலவு? ஒரு மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும்” என்கிறார் என் கணவர். விமர்சனங்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்றே இருக்கிறது. போகலாமா, வேண்டாமா என்று எப்படித்தான் முடிவு செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முடிவு தெரியும் என்பது இந்த வகைப் படத்தின் குறை அல்ல. இருவரும் சேரப்போவது போஸ்டரிலேயே தெரிகிறது. ராமன் ஜெயிப்பான் என்று தெரிந்துதானே ஊரே விடிய விடியக் கூத்துப் பார்த்தது? உங்கள் கணவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த இருவரும் முதல் அரை மணி நேரத்திலேயே ஏன் சேர்ந்துவிடவில்லை?

கதைச் சுருக்கத்தையும் ட்ரெய்லரையும் வைத்துக்கொண்டு இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் தப்பெண்ணம்தான் காரணம் என்றால், அந்தப் படம் இடைவேளைக்குப் பிறகு நொண்டும். ஒருவர் சொன்ன பொய், சொல்லத் தயங்குகிற ஆசை, விட முடியாத ஒரு குணம் என்று பதில் கிடைத்தால் நம்பிப் போகலாம். 2022-இல் வந்த ‘லவ் டுடே’யில் கல்யாணப் பேச்சு எடுத்த காதலர்களிடம், ஒரு நாளைக்கு இருவரும் போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் பெண்ணின் அப்பா. முடிச்சு அவ்வளவுதான். வெளியிலிருந்து வில்லன் வரவேண்டிய அவசியமே இல்லை. வம்பு முழுக்க அந்த இரண்டு போன்களுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழில் இந்த வகைக்கு நான் அளவுகோலாக வைப்பது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). எஸ்டேட் வேலை போய், முதலாளி விஸ்வநாதனின் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டுப் போராடுகிறான் அசோக். காதலிப்பது அவருடைய மகளையே. பணம் என்றால் மயங்குகிற மனிதரைச் சமாளிக்க, தான் பெரும் பணக்காரரின் மகன் என்று புளுகுகிறான். அந்தப் பணக்காரரை எங்கே போய்த் தேடுவது? நண்பன் வாசுவுக்குக் கிழவர் வேஷம் போட்டு வரவழைக்கிறான். வாசு காதலிக்கும் பெண்ணோ அதே விஸ்வநாதனின் இன்னொரு மகள்! ஒரு பொய் ஒரு சிக்கலைத் தீர்த்த கையோடு அடுத்த சிக்கலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தற்செயல் என்று பார்த்தால் அந்த அக்கா தங்கை விஷயம்தான். அதுவும் சிக்கலைக் கூட்டத்தான் வருகிறது. வம்பில் மாட்டிவிடும் தற்செயலை ரசிகர்கள் சந்தோஷமாக ஏற்பார்கள். கிளைமாக்ஸில் வந்து காப்பாற்றும் தற்செயலைத்தான் மன்னிப்பதில்லை.

அந்தப் படத்தில் நாகேஷ், நாயகனுக்குப் பக்கத்தில் நின்று ஜோக் அடிக்கும் நண்பர் அல்ல. அந்த வீட்டுப் பிள்ளை. சினிமா எடுக்கப் பணம் கேட்டு அப்பாவை நச்சரிப்பவர். அப்பா விஸ்வநாதனாக நடித்த பாலையாவுக்கு அவர் திகில் கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சத்தங்களையெல்லாம் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவுக்கு அங்கே பேச்சு மிகக் குறைவு. கண் விரிகிறது, முகம் வெளிறுகிறது, அவ்வளவுதான். நாம் சிரிப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான். காதல் நகைச்சுவை என்று பெயர் வைத்துக்கொள்ளும் படத்தில் இதே வேலை காதலர்களுக்குள் நடக்க வேண்டும். அவள் ஒன்று சொல்ல, அதைக் கேட்கிற அவன் முகத்தில் கேமரா ஒரு நொடி கூடுதலாக நிற்க வேண்டும்.

இதை ட்ரெய்லரிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது தடவை பார்க்கும்போது சத்தத்தை அணைத்துவிடுங்கள். இருவரும் ஒரே ஃபிரேமில் இருந்து ஒருவரோடொருவர் பேசும் ஷாட் எத்தனை வருகிறது? நாயகன் ஸ்லோ மோஷனில் நடப்பது, நாயகி மழையில் திரும்பிப் பார்ப்பது, நண்பன் கவுண்டர் கொடுப்பது என்று இவையே மாறி மாறி வந்தால், இருவருக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி காட்சி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இருந்திருந்தால் ட்ரெய்லர் வெட்டுபவர் அதைத்தான் முதலில் எடுத்திருப்பார். ட்ரெய்லரைவிட, வெளியீட்டுக்கு முன் விடுகிற இரண்டு மூன்று நிமிட ‘ஸ்னீக் பீக்’ இன்னும் நம்பகமானது. ஒட்டு வேலை இல்லாத முழுக் காட்சி அது. எழுத்தும் நடிப்பும் அதில் ஒளிய முடியாது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும் பஸ் ஸ்டாப், ஆபீஸ், தெருமுனை என்று அவன் பின்னால் அலைவதைச் சிரிப்பாகக் காட்டுகிற ட்ரெய்லர் என்றால், அந்தப் படத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அழைத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். யு.ஏ. சான்றிதழ் இப்போது 7, 13, 16 என மூன்று வயது வரம்புகளோடு வருகிறது. அதையும் பார்த்துவிட்டே முன்பதிவு செய்யுங்கள்.

அடுத்தது நீளம். முன்பதிவுச் செயலியில் படத்தின் பெயருக்குக் கீழேயே போட்டிருப்பார்கள். இந்த வகைக்கு 2 மணி முதல் 2.15 மணி வரை போதும். 2.30-ஐத் தாண்டினால் யோசியுங்கள். சந்திப்பு, சீண்டல், இரண்டு பாட்டு என்று முதல் பாதியை யாரும் ஓட்டிவிடலாம்; இடைவேளைக்கு ஒரு சண்டை வைத்தால் ஆயிற்று. அதற்கப்புறம் அவிழ்க்க ஒரு முடிச்சு வேண்டும். அது இல்லாதபோதுதான் விபத்து, ஆஸ்பத்திரி, அமெரிக்க மாப்பிள்ளை, மதுக்கடையில் ஒரு சோகப் பாட்டு எல்லாம் வரிசையாக வருகின்றன. சிரிக்கப் போன குடும்பம் கடைசி முக்கால் மணி நேரம் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

விமர்சனத்தில் நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். ஒளிப்பதிவு குளுகுளு, பாடல்கள் இதம் என்று நாலு பத்தி எழுதியவர், தான் சிரித்த ஒரு காட்சியைக்கூடக் குறிப்பிடவில்லை என்றால் அதுவே பதில். வெள்ளிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் மைக் நீட்டி எடுத்த கருத்துகளில் பாதிக்குமேல் ரசிகர் மன்றத்தின் குரல். ஞாயிறு வரை பொறுத்து, பார்த்தவர் ஒருவரிடம் “எங்கே சிரித்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு சூழ்நிலையை விவரித்தால் நல்லது. வெறும் வசனம் ஒன்றைச் சொல்லிக் காட்டினால் அது ரீல்ஸிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

லைட்டான படம்தானே, டிவியில் போதும் என்கிற எண்ணத்தை உங்கள் கணவர் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ (1934) என்ன கதை? வீட்டை விட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன ஒரு நிருபரும் செய்கிற பயணம். ஒரே அறையில் தங்க வேண்டிவரும்போது நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் படத்துக்குச் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர்களையும் கொடுத்தார்கள். நகைச்சுவைக்குத் தியேட்டர் தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம் கூட்டம். பக்கத்து வரிசை சிரித்தால் நமக்கும் சிரிப்பு வரும். சனி, ஞாயிறு மாலைக் காட்சியில் கிடைப்பது செவ்வாய்க்கிழமை காலியரங்கில் கிடைக்காது. ஆகவே முடிச்சு சரி, நீளம் சரி என்றால் முதல் வாரமே போய்விடுங்கள்.

இரண்டில் ஒன்று உதைத்தால் கணவர் சொல்வதுதான் சரி. பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அங்கே 20 நிமிடம் கொடுங்கள். அதற்குள் இருவரும் சந்தித்திருக்க வேண்டும். நாயகி தன் பங்குக்கு ஒருமுறையாவது சிரிக்க வைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லையென்றால் தயங்காமல் நிறுத்திவிடுங்கள். மலையாளம், தெலுங்குப் படமாக இருந்தால் ஆடியோவை மூல மொழிக்கு மாற்றி, சப்டைட்டிலோடு பாருங்கள். உதட்டசைவுக்குள் வசனத்தை அடைக்கும் அவசரத்தில் டப்பிங்கில் முதலில் காணாமல் போவது, ஜோக்குக்கு முன்னால் வர வேண்டிய அந்தச் சின்ன இடைவெளிதான்.