புராஜெக்ட் திட்டமிடல்: கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகவே எழுத வேண்டியிருந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மென்பொருளில் என்னென்ன வேண்டும் என்று எழுதும் ரிக்வயர்மென்ட் ஆவணத்தில் கிளையன்ட்டின் கையெழுத்தும் வாங்கியாயிற்று. டெமோ காட்டியதும் "நாங்கள் கேட்டது இது இல்லை" என்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்கு என்னதான் மதிப்பு சார்?

பதில்: பில் தகராறு வந்தால் உதவும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அந்த மென்பொருளைத் திறக்கவே போகாதவர். தினமும் அதில் மல்லுக்கட்டப் போகும் ஊழியரிடம் யாராவது பேசினீர்களா?

பேசும்போதும் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று தொடங்காதீர்கள். இப்போதிருக்கும் திரையில் இன்னும் இரண்டு பட்டன் கேட்பார். "கடைசியாக இந்த வேலை எங்கே சிக்கியது, அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் துண்டுச் சீட்டில் எதையாவது குறித்துக்கொண்டாலோ, யாருக்கும் தெரியாமல் தனியாக ஒரு எக்செல் ஷீட் வைத்திருந்தாலோ, உங்கள் ஆவணத்தில் விட்டுப்போன தேவை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே?

பதில்: தீராது. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. பூமியில் ஓடிய ஒரு மென்பொருள், உந்துவிசைக் கணக்கை பவுண்ட்-விசை விநாடி என்ற மெட்ரிக் அல்லாத அலகில் கொடுத்தது. வாங்கிக்கொண்ட மென்பொருள் அதை மெட்ரிக் அலகான நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. இதில் பலர் கவனிக்காத விஷயம், மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியபடி வருகிறதா என்று பார்க்கும் சோதனைதான் சரியாக நடக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு தேவையின் பக்கத்திலும் "இதை எப்படிச் சோதிப்போம்?" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். "வேகமாக இயங்க வேண்டும்" என்பதற்கு அந்த வரியை எழுத முடியாது. "200 பேர் ஒரே நேரத்தில் தேடினாலும் 2 விநாடிக்குள் முடிவு வர வேண்டும்" என்றால் எழுத முடியும். இரண்டு டீம்களின் வேலை சந்திக்கும் இடங்களை முதலில் சோதியுங்கள். இந்தப் பக்கத்தார், "அந்தப் பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருப்பது அங்கேதான்.

கேள்வி: மேனேஜர் முடிவுத் தேதியைச் சொல்லிவிட்டு அப்புறம் எங்களிடம் எஸ்டிமேட் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: அவர் வேண்டுவது எஸ்டிமேட் அல்ல, ஒப்புதல். நீங்கள் ஒற்றை எண்ணைச் சொன்னால் தலையாட்டியதாகவே ஆகும்.

மூன்று எண்கள் சொல்லுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல நடந்தால், சொதப்பினால். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறையில், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். 4, 6, 20 வாரம் என்றால் விடை 8. "வழக்கமாக 6 வாரம்தானே" என்பவருக்கு அந்த 8 எங்கிருந்து வந்தது என்று விளக்கும்போதே, 20 வாரம் எதனால் ஆகக்கூடும் என்ற பேச்சும் வந்துவிடும். எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியம், சூத்திரம் அல்ல.

சிட்னி ஓபரா ஹவுஸுக்கு 1957இல் போட்ட மதிப்பீடு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 1963இல் முடிப்பதாகத் திட்டம். 1973இல் திறந்தபோது ஆன செலவு 10.2 கோடி. அதன் கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே, 1959இல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தெரியாத ஒன்றுக்குத் தேதி குறித்தால் இப்படித்தான் ஆகும். உங்கள் மேனேஜரின் தேதி நிஜமாகவே அசையாது என்றால், அந்தத் தேதிக்குள் எந்தெந்த அம்சங்கள் வரும், எவை வராது என்று பட்டியல் கொடுத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வேலை பின்தங்கிவிட்டது. ஆட்களைக் கூட்டலாமா?

பதில்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். 5 பேருக்குள் இருவர் இருவராகப் பேசும் தொடர்புகள் 10. அதுவே 10 பேர் என்றால் 45. போதாததற்கு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உங்கள் கெட்டிக்காரர்கள்தான் போக வேண்டும்.

கேள்வி: வரக்கூடிய சிக்கல்களைப் பட்டியலிடும் எங்கள் ரிஸ்க் ரெஜிஸ்டரில் 60 வரிகள் இருக்கின்றன. ஆனாலும் எதிர்பாராததுதான் நடக்கிறது. ரிஸ்க் பற்றிப் பேசினால் "நெகட்டிவாகப் பேசாதே" என்ற பட்டம் வேறு.

பதில்: "ஆள் பற்றாக்குறை", "தாமதம்" மாதிரி வரிகள்தானே அதில் இருக்கும்? எந்த புராஜெக்டுக்கும் ஒட்டக்கூடிய வரி உங்கள் புராஜெக்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் வரட்டும்: "பழைய தரவுத்தளத்தை அறிந்தவர் ஒருவர்தான், அவர் விலகினால், தரவு மாற்றும் வேலை ஒரு மாதம் நிற்கும்." இப்படி எழுதினாலே செய்ய வேண்டியது தெரிந்துவிடும், இரண்டாவது ஒருவரை இப்போதே அவருடன் உட்கார வைப்பது.

ரிஸ்குக்கு 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணை நம்பாதீர்கள். வாய்ப்பை விளைவால் பெருக்கினால், அபூர்வமாக வந்து நிறுவனத்தையே கவிழ்ப்பதும் (1×5), அடிக்கடி வரும் சில்லறைத் தொல்லையும் (5×1) ஒரே நிறத்தில் தெரியும். அபூர்வமானதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். "டீம்" என்று எழுதியிருந்தால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அந்த "நெகட்டிவ்" பட்டத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரப்பிய ப்ரீமார்ட்டம். கூட்டத்தில் "ஒரு வருடம் கழித்து இந்தத் திட்டம் படுதோல்வி. ஏன்?" என்று கேட்டு, எல்லோரையும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். தோல்வி ஏற்கெனவே நடந்ததாக வைத்துக்கொள்வதால் யாரும் அபசகுனக்காரர் ஆவதில்லை. மேலதிகாரி கடைசியாகப் படிக்கட்டும். முதலில் படித்தால் மற்ற காகிதங்கள் மாறிவிடும்!

கேள்வி: அஜைல், அதாவது சிறுசிறு பகுதிகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறை என்றால், திட்டமே தேவையில்லை என்கிறார்களே?

பதில்: 2001இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல் என்கிறது. திட்டத்துக்கும் மதிப்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

கேள்வி: புதிய சிஸ்டத்துக்கு ஒரே நாளில் மாறப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திரும்பி வரும் வழியை. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று ஆம்புலன்ஸ்களைக் கணினி மூலம் அனுப்பும் முறைக்கு முழுதாக மாறியது. அழைப்புகள் குவிந்து குழப்பம் மிஞ்சியது. நவம்பர் 4இல் சிஸ்டம் நின்றேபோய், காகிதத்துக்குத் திரும்பினார்கள். முடிந்தால் ஒரு பிரிவில் மட்டும் முதலில் ஓட்டுங்கள். முடியாதென்றால், எந்த அறிகுறி தெரிந்தால் பழையதற்குத் திரும்புவோம், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை மாறும் நாளுக்கு முன்பே எழுதி, அவர் பெயரையும் போன் எண்ணையும் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் கமிட்டி கூட்டி முடிவெடுக்க முடியாது.